எட்டுப் பேர் ஆட்டம்

பாங்காக்கைச் சுற்றிப் பார்க்க வருகிற எவரும் சவீவனைப் படம் எடுக்காமல் ஊர் திரும்புவதில்லை. கடைவளாகத்து மூலையில் இருக்கும் நாலுமுகச் சாமி கோயிலில் இருபது வருடமாக ஆடுகிறாள். தலையில் கூம்புக் கிரீடம், உடம்பெல்லாம் ஜரிகை, முகத்தில் கலையாத சிரிப்பு. அவள் படம் எந்தெந்த நாட்டு வீடுகளில் கிடக்கிறதோ, யாருக்குத் தெரியும்.

ஆட்டம் வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு இல்லை, சாமிக்கு. வேண்டியது நடந்துவிட்டால் ஆட்டக்காரிகளை அமர்த்தி நேர்த்திக்கடன் தீர்க்க வேண்டும். ஏழைக்கு இரண்டு பேர், வசதி இருந்தால் எட்டுப் பேர். வேண்டியவர் மண்டியிட்டிருக்க, முன்னால் நிற்கும் ஆட்டக்காரி அவர் சொல்லும் பேரைப் பாட்டில் சேர்த்து, இன்னாருக்குக் கேட்டது கிடைத்தது என்று சாமி காதில் போடுவாள். லாட்டரி விழுந்தவன், பிள்ளை பெற்றவள் என்று ஊரார் சந்தோஷம் முழுக்க சவீவன் வாயால்தான் போயிருக்கிறது.

அவளுக்கும் ஒரு வேண்டுதல் உண்டு. மூன்று வருடத்துக்கு முன் அவள் மகன் கோமின் மோட்டார் சைக்கிளில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோகையில், பின்னால் வந்த கார் அடித்துத் தூக்கி எறிந்தது. போன உயிர் போனதுதான். காரை ஓட்டியவன் நிற்கவேயில்லை. பெரிய இடத்துப் பிள்ளை. வழக்குக்கு அவனோ அவன் வீட்டாரோ ஒருநாள்கூட வந்ததில்லை, வக்கீல்தான் வருவார். "அவன உள்ள தள்ளு சாமி, ஒரு வருஷம் கூலி வாங்காம ஆடறேன்" என்று சவீவன் வேண்டியிருந்தாள். சாமி வாயைத் திறக்கவில்லை. நாலு வாய் இருந்து என்ன பிரயோஜனம்?

அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. பட்டுச் சட்டை போட்ட ஒரு அம்மா எட்டுப் பேர் ஆட்டம் சொல்லிவிட்டு வந்து மண்டியிட்டாள். கூட ஆடும் மாலிக்கு வாய் சும்மா இருக்காது.

"எட்டுப் பேரா! லாட்டரியாம்மா?"

"அதவிடப் பெரிசும்மா. என் பையன் மேல ஒரு கார் கேஸ். மூணு வருஷமாத் தூக்கமில்ல. போன வாரம் ஒண்ணுமில்லன்னு மூடிட்டாங்க." அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பெத்த வயிறு இப்பத்தான் குளுந்துச்சு."

"பையன் பேரு?" என்றாள் சவீவன், எல்லாரிடமும் கேட்பதுபோல.

தச்சபோன் என்றாள் அந்த அம்மா. குடும்பப் பேரையும் சேர்த்துச் சொன்னாள்.

மூன்று வருடம் நீதிமன்றத்தில் கேட்டுக் கேட்டுக் காது புண்ணான பேர். வழக்கு முடிந்ததை சவீவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. சாமிக்குக்கூடத் தெரிந்திருக்கிறது, அவளுக்குத்தான் தெரியவில்லை.

மாலிக்கும் அந்தப் பேர் தெரியும், முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, நீ போயிடு. நான் பாடறேன்."

சவீவன் நகரவில்லை. மேளம் தொடங்கியது. சுற்றுலாக்காரர்கள் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். பேர் வரவேண்டிய இடத்தில் அவள் கோமின் என்று பாடினாள். இன்னொரு தரமும் பாடினாள், தொண்டை கிழிய. அந்த அம்மாவின் முகம் ஒரு கணம் இருண்டால் போதும் அவளுக்கு.

அந்த அம்மா கூப்பிய கையோடு மெல்லக் கண்ணைத் திறந்தாள். "பேரு மாத்திப் பாடறீங்களேம்மா. யாரு அந்தக் கோமின்?"

குரலில் சூதும் இல்லை, வாதும் இல்லை. அந்தப் பேரை அவள் கேட்டதே இல்லை.

"என் பையன்," என்றாள் சவீவன்.

"அட, புள்ள நெனப்பா! நானும் ஒரு தாய்தானே, புரியுது." அந்த அம்மா அவள் கையைத் தொட்டாள். "உங்க பையனும் நூறு வருஷம் நல்லா இருக்கட்டும். இப்ப என் பையன் பேரப் பாடுங்க."

மேளக்காரர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். சவீவன் கிரீடத்தைக் கழற்றிப் பாயில் வைத்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு தெருவுக்கு நடந்தாள். அந்தப் பேரை மாலிதான் பாடினாள், அழுதுகொண்டே. ஏழு பேர்தான் ஆடினார்கள். அந்த அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்ததால் எண்ணவில்லை.