முடிந்துபோன கட்டடத்தின் இருபதாம் மாடி

கொச்சிக்கடையில் துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் அந்த இருபத்துநாலு மாடிக் கட்டடத்தைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், வெள்ளவத்தையில் என் பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். "அதில என்ன கிடக்கு? அது முடிஞ்சுபோன பில்டிங்." அதற்காகவே போனேன், கடந்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை.

இன்னொரு காரணமும் உண்டு. போர்க்காலத்தில், எனக்கு இருபத்திரண்டு வயதில், இதே கட்டடத்தின் இருபதாம் மாடியில் இருந்த ஒரு கப்பல் கம்பனி என்னை நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தது. அப்போது அது நகரத்தின் பெருமை. வாசலில் என் அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரியைக் கண்டதும் விசாரிக்க வேண்டும் என்று ஓரமாக நிறுத்திவிட்டார்கள். விட்டபோது தேர்வு முடிந்து இரண்டு மணித்தியாலம். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே கால் வைக்காமலே திரும்பினேன்.

பிறகு கட்டடமும் அடிபட்டது. ஒரு குண்டுவெடிப்பில் கண்ணாடி முழுக்கக் கொட்டுண்டது. போர் முடிந்ததும் வெள்ளையடித்து, வங்கிகள் வந்து, உச்சியில் சாப்பாட்டுக்கடைகூடத் திறந்தார்கள். அடுத்து நாட்டின் பொருளாதாரம் விழுந்தது. பெரிய கம்பனிகள் எல்லாம் புதிய கோபுரங்களுக்குப் போய்விட்டன.

வெள்ளவத்தை நிலையத்தில் காலை 9.10 ரயில், 9.35க்குக் கோட்டை. கடல் பக்கம் இருக்க வேண்டுமானால் ஏறும்போதே இடது கைப் பக்கம் பாருங்கள். கோட்டையிலிருந்து இரண்டு கிலோமீற்றர், மீற்றர் போட்ட ஆட்டோவுக்கு 350 ரூபாய். துறைமுக லொறிகளுக்குப் பின்னால் நின்று நின்று போய்ச் சேர 10.05.

வாசலில் இருந்த காவலாளி எழும்பாமலே சிங்களத்தில் சொன்னார்: லிஃப்ட் காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரையும் பின்னேரம் நாலிலிருந்து ஐந்து வரையும்தான், நாளைக்கு வாருங்கள்.

"கமக் நே மல்லி," என்றேன். பரவாயில்லை தம்பி, படியால் போகிறேன் என்று சிங்களத்திலேயே தொடர்ந்தேன்.

யாரைப் பார்க்க என்று கேட்டார். யாரையுமில்லை என்றேன். அப்படியானால் விட முடியாது என்றார். அங்கே ஒரு நீல நாற்காலி கிடந்தது. அதில் உட்கார்ந்துவிட்டேன். இந்த முறை திரும்பிப் போகிறதில்லை என்று மனதுக்குள் முடிவாகிவிட்டது. அவர் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார், நான் எழும்பவில்லை. இருபது நிமிடம்.

அப்போது துணிக் கட்டோடு ஒரு பெண் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். பெயர் ரிஸ்வானா, வீடு மாளிகாவத்தை. பதினாலாம் மாடியில் பாடசாலைச் சீருடை தைக்கிறவர்.

"எங்க போற அக்கா நீங்க?"

"இருபதாம் மாடிக்கு. முந்தி இன்ரவியூவுக்கு எண்டு வந்தனான். உள்ளுக்கு விடேல்ல."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு காவலாளியின் பக்கம் திரும்பி, இது என் ஆள், என் பெயரில் எழுது என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, "வாங்க, மெதுவா ஏறுவம்," என்றார்.

மாடிக்கு இருபது படி. ஒன்பதாம் மாடியில் மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. பன்னிரண்டில் ஜப்பானிய மொழி வகுப்பு, ஒருமித்த குரலில் இலக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பதினாலில் ரிஸ்வானாவின் அறை. நாலு மெஷின், மூன்று பெண்கள், ஜன்னல் நிறையத் துறைமுகம். தைத்த மூட்டைகளைச் சுமந்து இறக்குவதில்லை. படிக்கட்டின் நடு இடைவெளியால் கயிற்றில் இறக்குகிறார்கள். நான் பார்க்க ஒன்று ஆடி ஆடிக் கீழே போனது. அதே காவலாளிதான் அவிழ்த்துவிட்டு, கயிற்றை இரண்டு தரம் இழுத்துச் சைகை காட்டினார்.

"முடிஞ்ச பில்டிங் எண்டு எல்லாரும் செல்றாங்க," என்றார் ரிஸ்வானா, தண்ணீர்ப் போத்தலை நீட்டியபடி. "முடிஞ்ச பில்டிங்ல எப்பிடி மெஷின் ஓடுது? பெரிய ஆக்கள் போனதால எங்களுக்கு எடம் கெடச்சிச்சு. லிஃப்ட முழுநாளும் போடச் செல்லி மாசம் ஒரு கடிதம் குடுக்கிற நாங்க. பதினோரு பேர் கையெழுத்து. போட்டுத்தான் ஆகணும்."

"போடாட்டி?"

"போடுற வரைக்கும் ஏறுவம்."

இருபதாம் மாடிக் கதவு பூட்டியிருக்கவில்லை. கம்பளம் கிழித்தெடுத்த தரை, சுவரில் கழற்றிய பலகையின் தடம், ஒரு மூலையில் புறா எச்சம். ஒருகாலத்தில் எந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்திருப்பார்களோ தெரியாது. அழுகை வருமென்று நினைத்திருந்தேன், வரவில்லை. கோபம்தான் வந்தது, நல்ல சுத்தமான கோபம். ஜன்னலடிக்குப் போனேன். பாரந்தூக்கிகள், வரிசையில் நிற்கும் கப்பல்கள், காலடியில் அந்தோனியார் கோவில் கூரை, தெற்கே மினுங்கும் புதிய கோபுரங்கள். அரை மணித்தியாலம் அசையாமல் நின்றேன். எவரும் வந்து போகச் சொல்லவில்லை.

இறங்கும்போது பதினாலில் ரிஸ்வானாவிடம் கேட்டேன், பக்கத்து அறை யாருடையது என்று.

"சும்மா கெடக்குது. ஏன்?"

நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ் எல்லாம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் இத்தனை வருடமும் மொழிபெயர்த்தேன். இரண்டு மாடி கீழே, அந்த ஜப்பானிய வகுப்பில், வெளிநாடு போகக் காத்திருக்கும் முப்பது பேர். இதற்கு மேல் யோசிக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. முதலாம் திகதி அறை கைக்கு வந்தது.

பார்க்க வருகிறவர்களுக்கு: காலை எட்டரைக்கு முன் வந்தால் லிஃப்ட் வரிசை சிறிது. படியால் ஏறுவதென்றால் ஒரு லீற்றர் தண்ணீர், இறுக்கமான சப்பாத்து வேண்டாம். வெயில் எதிரே விழாததால் படம் எடுக்கக் காலைதான் நல்லது. அடையாள அட்டை கொண்டு வாருங்கள். முழங்கால் நோவுள்ளவர்கள் கீழே நின்று சொல்லியனுப்பினால் ஆவணங்களைக் கயிற்றில் ஏற்றலாம், நான் மொழிபெயர்த்து இறக்கிவிடுவேன். திரும்பும்போது புறக்கோட்டையில் 100, 101 இலக்க பஸ்கள் வெள்ளவத்தைக்கு அடிக்கடி உண்டு.

போன கிழமை கதவில் பெயர்ப்பலகை அடித்தேன். மூன்று மொழியிலும் இருக்கிறது. தமிழைத்தான் முதலில் எழுதினேன், மற்ற இரண்டையும் விடக் கொஞ்சம் பெரிதாக.