கண்ணாடிக்குத் தண்ணீர்

மலைப்பாதை தொடங்கும் இடத்தில் பாண்டீஸ்வரியக்கா செருப்பைக் கழற்றிவிடுவார். வெறுங்காலில் மிதித்தால்தான் பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்று தெரியுமாம். அங்கிருந்து மேட்டுக்குப் போய்ச் சேரும்வரை ஜீப்பில் யாரும் பேசக் கூடாது. அவரும் பேசமாட்டார். மேலே ஏறியதும்தான் ஒரு பெருமூச்சு விட்டு, “உசுரோட இருக்கீகளாடி எல்லாரும்?” என்று கேட்பார். நாங்கள் சிரிப்போம்.

கம்பத்திலிருந்து ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்கு எங்களை ஏற்றிப் போகிற ஜீப் அது. நான் பிளஸ் டூ முடித்துவிட்டு அதில் போக ஆரம்பித்தேன். நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே வந்த வண்டி. முன்பு அக்காவின் வீட்டுக்காரர் ராஜபாண்டிதான் ஓட்டினார். சர்க்கரை நோயில் அவருடைய பார்வை மங்கிவிட்டது. வண்டியை விற்க மனமில்லாமல் அக்கா ஓட்டக் கற்றுக்கொண்டார். மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிற பெண் என்று மற்றவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அக்காவுக்கு அதில் பெருமை ஒன்றும் கிடையாது. “பயந்துக்கிட்டேதான் ஓட்டுறேன். பயம் போச்சுன்னா வண்டிய நிப்பாட்டிருவேன்” என்பார்.

அவர் பயந்தது பள்ளத்துக்கு அல்ல. முன்கண்ணாடி மறைந்துபோவதற்கு. மழைக்காலத்தில் எதிரே வரும் லாரி சேற்றை வாரி அடித்தால் வைப்பர் அதை இன்னும் தேய்த்து அப்பிவிடும். அந்தப் பழைய ஜீப்பில் கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சும் வசதி இல்லை. மூடியில் துளை போட்ட பாட்டில் ஒன்றை அக்கா மடியில் வைத்திருப்பார். ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையை வெளியே நீட்டிப் பாட்டிலை அமுக்குவார்.

ஒரு நாள் வளைவில் அப்படிக் கையை நீட்டியபோது எதிரே வந்த லாரி உரசிக்கொண்டு போனது. பாட்டில் போய்விட்டது. கை தப்பியது. மேலே போன பிறகும் அக்கா எங்களைப் பார்த்து எதுவும் கேட்கவில்லை. விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வண்டி மாரிசெல்வம் பட்டறையில் நின்றது. மாரிசெல்வம் கம்பத்தில் வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்ப்பவர். எங்களில் சிலரும் கூடப் போயிருந்தோம்.

“இதுக்குப் பார்ட்ஸுக்கு எங்கக்கா போவேன்? இது பொறந்தப்ப கண்ணாடிக்குத் தண்ணி ஊத்துனதே மழதான்” என்றார் மாரிசெல்வம்.

“வாய் பேசாதடா. கைய வெளிய நீட்டாம தண்ணி அடிக்கணும். முடியுமா முடியாதா?”

முடிந்தது. வேறொரு காரில் கழற்றிய தண்ணீர் டப்பாவை, அதன் அடியில் இருந்த சின்ன மோட்டாரோடு பானெட்டுக்குள் வைத்தார். இன்ஜின் சூடு படாத மூலையாகப் பார்த்துத் தகரப்பட்டி போட்டு இறுக்கினார். கண்ணாடிக்குக் கீழே இரண்டு துளை போட்டு, தண்ணீர் பீய்ச்சும் மூக்குகளைப் பொருத்தி, ரப்பர் குழாயை இழுத்துச் சொருகினார். நடுவில் ஃபியூஸ் வைத்து பேட்டரியிலிருந்து வயர் கொண்டுவந்து, அக்காவின் கைக்கு எட்டும் இடத்தில் சுவிட்ச் வைத்தார். முதல் அமுக்கலில் தண்ணீர் கண்ணாடியைத் தாண்டிப் போய், பின்னால் நின்ற, எங்களோடு தோட்டத்துக்கு வரும் மொக்கம்மாள் முகத்தில் அடித்தது.

“ஏலே, என்னயா குளிப்பாட்டச் சொன்னாக?” என்று மொக்கம்மாள் கத்தினார்.

மாரிசெல்வம் குண்டூசியால் மூக்கைத் திருப்பிச் சரிசெய்தார். “நல்ல தண்ணியா மட்டும் ஊத்துக்கா. ஓட்ட ஊசிமொன அளவுதான். தூசி போனா அடைச்சிரும்.”

நல்ல தண்ணீர் என்ற சொல் மொக்கம்மாள் மனதில் வேறு மாதிரி தங்கிவிட்டது. அவர் அக்காவுக்குப் பக்கத்து சீட்டில், இடது ஓரத்தில் உட்காருபவர். லாரி உரசியதை எங்கள் எல்லோரையும்விடக் கிட்டத்தில் பார்த்தவர். அமாவாசைக்குச் சுருளி அருவிக்குப் போய்த் தீர்த்தம் பிடித்து வந்தார். அதில் மஞ்சளும் குங்குமமும் கரைத்து, வேப்பிலை கிள்ளிப் போட்டு, அம்மன் காலடியில் வைத்து எடுத்தார். மறுநாள் காலையில், அக்கா டீ குடிக்கப் போன நேரத்தில், பானெட்டைத் தூக்கி டப்பா நிறைய ஊற்றிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பலிக்காது என்று நினைத்திருக்கிறார்.

காலையில் வெயில் அடித்ததால் சுவிட்சுக்கு வேலை வரவில்லை. சாயங்காலம் இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பனியும் இறங்கியது. வழக்கம்போல எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். ஒரு வளைவில் மேலே ஏறிவந்த லாரி எங்கள் கண்ணாடி முழுக்கச் சேற்றை அடித்துவிட்டுப் போனது. அக்கா பதறவில்லை. சுவிட்சை அமுக்கினார். மோட்டார் உறுமியது. ஒரு மூக்கிலிருந்து சொட்டுகூட வரவில்லை. இன்னொன்றிலிருந்து மஞ்சளாக ஏதோ கொழகொழவென்று வந்தது. வைப்பர் அதைச் சேற்றோடு சேர்த்து இழுத்தது. அடுத்து வந்த வண்டியின் வெளிச்சம் பட்டதும் கண்ணாடி முழுவதும் மஞ்சள் சுவர் ஆகிவிட்டது.

அக்கா மறுபடி அமுக்கினார். மறுபடியும் மஞ்சள். பின்னாலிருந்து ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே இறங்கியது. நின்றால் அது எங்கள்மேல் ஏறும். போனால் எங்கே போகிறோம் என்று தெரியாது. எனக்கு முன்னால் இருந்த கம்பியைப் பிடித்தேன். யாருடைய கையோ என் கையின்மேல் இறுகியது.

அக்கா தலையை வலது பக்கம் வெளியே நீட்டினார். மழையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. “ஓரம் தெரியலடி!” என்றார். மலைப்பாதையில் அவர் பேசி நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

மொக்கம்மாள் இடது பக்கம் பாதி உடம்பை வெளியே விட்டார். “கல்லு கிட்டத்துல இருக்கு ஆத்தா. ஒடி. இன்னும் ஒடிச்சுத் திருப்பு. இப்ப நேரா. அங்கன சொவரு முடியுது, பள்ளம், பள்ளம்! வலது பக்கமா வா!” அவர் சொன்னபடியே வண்டி நகர்ந்தது. தட்டுத்தடுமாறி, பாதை அகன்ற ஓர் இடத்தில் ஒதுங்கி நின்றோம். பின்னால் வந்த வண்டி எங்களை நனைத்துவிட்டுப் போனது.

அக்கா இறங்கிப் பானெட்டைத் திறந்தார். டப்பாவின் மூடியைக் கழற்றியதும் வேப்பிலை மிதந்தது. எல்லோரும் மொக்கம்மாளைப் பார்த்தோம்.

“சாமி தண்ணிதான ஆத்தா” என்றார் மொக்கம்மாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

திட்டு விழும் என்று நினைத்தோம். அக்கா, “ஊக்கு குடு” என்றார். மொக்கம்மாள் வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். டப்பாவைக் கவிழ்த்து, நாங்கள் குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் ஊற்றிக் கழுவினார். ஊக்கால் மூக்குகளைக் குத்தியபோது இரண்டு முறை விரலில் குத்திக்கொண்டார். கடைசியில் இரண்டு மூக்கிலும் தண்ணீர் வந்தது, வெள்ளையாக.

ஆனாலும் உடனே வண்டியை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு மொக்கம்மாள் பக்கம் திரும்பினார். “ஓரம் எங்கன இருக்குன்னு சொல்லிக்கிட்டே வா. கீழ போற வரைக்கும் வாய மூடாத.”

மறுநாள் காலையில் ஸ்டாண்டில் நின்றபோது, இனி அக்கா வரமாட்டார் என்றே நினைத்தோம். ஜீப் வந்தது. பானெட்டின் கொக்கியில் ஒரு சின்னப் பூட்டு தொங்கியது. சாவி அக்காவின் தாலிக்கயிற்றில், புதிதாக மாட்டிய ஊக்குகளோடு இருந்தது. மொக்கம்மாள் அதைப் பார்த்துவிட்டுத் தன் இடத்தில் ஏறி உட்கார்ந்தார்.

மலை தொடங்கும் இடத்தில் அக்கா செருப்பைக் கழற்றினார். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. இருந்தும் சுவிட்சை ஒருமுறை அமுக்கி, தண்ணீரின் நிறத்தைப் பார்த்தார். இன்றுவரை முதல் வளைவுக்கு முன்னால் அப்படிப் பார்க்காமல் அவர் ஏறியதில்லை. வெள்ளையாக வரும்வரை நாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.