மாடி கட்டவா, கணக்கை நீட்டவா?

1. சிஸ்டரின் பிடிவாதம்

வங்கியில் நான் கடைசியாக உட்கார்ந்தது நாகர்கோவில் கிளையின் டெபாசிட் மேசையில். ஓய்வுபெறப் போகிறவளையே ஓய்வுபெறப் போகிறவர்களுக்கு யோசனை சொல்ல உட்காரவைத்தது எங்கள் மேனேஜரின் குசும்பு. எனக்குப் பொறுமை கம்மி. அதிலும் நல்ல வட்டியில் கிடக்கிற பணத்தை உருவிச் செங்கல்லில் போடுகிறேன் என்று யாராவது வந்தால் முகத்திலேயே காட்டிவிடுவேன்.

ஒரு திங்கட்கிழமை செல்வபாய் அப்படித்தான் வந்து நின்றார். தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். ஊரே சிஸ்டர் என்று கூப்பிடுவதால் நாங்களும் சிஸ்டர் என்போம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இறந்த பிறகு வெட்டூர்ணிமடத்துப் பக்கம் சொந்த வீட்டில் தனியாக இருந்தார். பதினைந்து வருடம் கட்டி வந்த அவருடைய பி.பி.எஃப். சேமிப்புக் கணக்கு அந்த மாதம் முதிர்ந்திருந்தது. கொஞ்ச நாளில் வேலையும் முடிகிறது, பி.எஃப். பணமும் கைக்கு வரும்.

"மேடம், இத க்ளோஸ் பண்ணித் தாருங்க. வீட்டுக்கு மேல மாடி எடுத்து வாடகைக்கு விடப்போறேன். பி.எஃப். வந்தா அதயும் அதுலதான் போடணும்."

"எதுக்கு சிஸ்டர் இந்தப் பாடு? இத இன்னும் அஞ்சு வருஷம் நீட்டலாம். வரி கிடையாது. பி.எஃப். பணத்த சீனியர் சிட்டிசன் டெபாசிட்டுல போட்டா மூணு மாசத்துக்கு ஒருக்கா வட்டி தானா வந்து விழும். மாடியில டேங்க் ஒழுகும், பெயின்ட் அடிக்கணும், வீட்டு வரி கூடும். ஆள் இல்லாத மாசம் வாடகையும் இல்ல."

ஒரு தாளில் இரண்டு பக்கமும் எழுதிக் கூட்டிக் கழித்துக் காட்டினேன். நோயாளி புலம்புவதை நர்ஸ் கேட்பதுபோல் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க சொல்லுதது எல்லாம் சரிதான் மேடம். ஆனாலும் மாடி எடுக்கணும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபம் அடங்கியதும் ஆச்சரியமாகவும் இருந்தது. இவர் விவரம் தெரியாதவர் இல்லை. நர்ஸ் சம்பளத்தில் ஒரு வருடம்கூட விடாமல் கட்டி வந்தவர். லாபம் குறைவு என்று ஒத்துக்கொண்டே ஒருத்தி ஏன் அதைக் கேட்கிறாள்? அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

"கணக்க மூடுதது ஒரு நாள் வேலை. அதுக்கு முன்னால, வாடகைக்கு விட்டவங்கள்ட்ட கேட்டுப் பாப்போமா? ஞாயித்துக்கிழமை நானும் வாறேன்" என்றேன். வங்கி அதிகாரி செய்கிற வேலையில்லை இது. தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டால் எனக்குக் கால் வீட்டில் நிற்காது.

2. படியேறும் வீட்டுக்காரி

சர்ச் முடிந்து வந்த சிஸ்டரோடு அவருடைய தெருவிலேயே ஆரம்பித்தேன். முதல் வீடு மளிகைக்கடை அண்ணாச்சியுடையது. கீழே அவர், மேலே குடித்தனம். வாசலெல்லாம் பளபளவென்று டைல்ஸ்.

"வீடு மாதிரி ஒரு சேமிப்பு உண்டுமா?" என்றார் அண்ணாச்சி.

"மாசம் என்ன வருது அண்ணாச்சி?"

"மாசமா? ஒத்திக்குல்லா விட்டிருக்கேன்."

எங்கள் ஊரில் இது பழக்கம். குடியிருக்க வருகிறவர் பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருப்பார். காலி செய்யும்போது வீட்டுக்காரர் அந்தத் தொகையை அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும். மொத்தமாகக் கையில் வருகிறதே என்ற ஆசையில் வாடகைக்கு என்று கட்டிய வீடும் ஒத்திக்குப் போய்விடும்.

"அந்த ரூவா பேங்க்ல கிடக்கா?" என்று கேட்டேன்.

"பேங்க்லயா? மகளுக்க கல்யாணத்துல போச்சு. இவன் போனா அடுத்தவன்ட்ட வாங்கி இவனுக்குக் குடுப்பேன்."

"அடுத்தவன் வரலன்னா?"

"வராம எங்க போவான்?" அண்ணாச்சி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்தவன் வராத வீடு நாலு வாசல் தள்ளியே இருந்தது. பகவதியம்மா என்ற விதவையுடையது. மாடியில் இருந்தவருக்கு மாற்றலாகி, ஒத்திப் பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறார். மாடிக்கு ஆள் கிடைக்கவில்லை. தேடி வந்த ஒரு குடும்பத்துக்கும் கீழ்வீடுதான் வேண்டும், அவர்கள் வீட்டுப் பெரியவரால் படியேற முடியாது. வேறு வழியில்லாமல் பகவதியம்மா தன் கீழ்வீட்டை அவர்களுக்கு ஒத்திக்குக் கொடுத்து, அந்தப் பணத்தில் பழைய ஒத்தியை அடைத்துவிட்டு, மாடிக்குக் குடிபோய்விட்டார்.

"ரெண்டு வீடும் எனக்க பேர்லதான் கிடக்கு" என்றார் முழங்காலைத் தடவிக்கொண்டு. "முட்டுவலியோட நான்தான் ஏறி இறங்குதேன்."

இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று சிஸ்டரைப் பார்த்தேன். அவர் வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"கீழ உள்ளவங்க உங்கள்ட்ட பேசுவாங்களா அம்மா?"

"ஆடிக்கு ஒருக்கா, அமாவாசைக்கு ஒருக்கா."

சிஸ்டரின் முகம் வாடியதை அப்போதுதான் கவனித்தேன். ஒத்திக் கணக்கைக் கேட்டபோதுகூட அவர் அப்படி வாடவில்லை.

3. வட்டி வரும், ஆள் வராது

அவர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் கேட்டேவிட்டேன். "உண்மையச் சொல்லுங்க சிஸ்டர். மாடி எதுக்கு?"

"நீங்க சொன்ன டெபாசிட்டுல வட்டி வரும். வந்துட்டுன்னு போன்ல மெசேஜும் வரும். எனக்க வீட்டுக்கு ஆளு யாரும் வராது மேடம். இத்தன வருஷம் வார்டுல பேச்சுச் சத்தத்துக்குள்ளேயே நின்னுட்டேன். இனி வேலை முடிஞ்சா காலையில இருந்து ராத்திரி வரைக்கும் வாயத் திறக்க வேண்டிய தேவையே இல்ல. தலைக்கு மேல யாராவது நடக்குத சத்தம் கேட்டாப் போதும்னு தோணிச்சு."

என் தாளில் டேங்க் ஒழுகுவதற்குக்கூட ஒரு வரி இருந்தது. இதற்கு இல்லை.

மாடி இல்லாமலே ஆள் வைக்க இடம் உண்டா என்று இருவருமாக வீட்டைச் சுற்றி வந்தோம். கிழக்குப் பக்கம் அம்மா இருந்த அறையும் முன்னறையும் பூட்டிக் கிடந்தன. தனி வாசல், ஒரு அடுக்களை, ஒரு பாத்ரூம் போட்டால் சின்னக் குடும்பம் தாராளமாக இருக்கலாம். சிஸ்டர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் குக்கர் விசில் அடிச்சா அந்தப் பக்கம் கேக்கும்" என்றார். மாடி யோசனை அந்த விசிலோடு போனது. பி.பி.எஃப்.பில் அந்த வேலைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துவிட்டு மீதியை நீட்டினோம். பி.எஃப். பணம் வந்ததும் முழுதும் டெபாசிட்டுக்குப் போனது.

4. ஒப்பந்தம் எழுதிய நாள்

கிழக்குப் பக்கத்து வேலை முடிந்ததும், ஆரல்வாய்மொழியில் காற்றாலை பராமரிப்பு வேலை பார்க்கும் பையனும் அவன் மனைவியும் வீடு கேட்டு வந்தார்கள். ஒப்பந்தம் எழுத சிஸ்டர் என்னையும் கூப்பிட்டிருந்தார்.

"சிஸ்டர், ஒத்தியா எடுத்துக்கிடுங்க. மொத்தமாத் தாறேன்" என்றான் அவன்.

"ஒத்தி வேண்டாம். மாச வாடகைதான்."

"சரி. அப்போ ஒண்ணாந்தேதி ஆனா போன்ல அனுப்பிவிட்டுருதேன்."

நான் தலையாட்டினேன். பேங்க் கணக்கில் பதிவாகும், சுத்தமான ஏற்பாடு.

"போன்ல வேண்டாம் மக்கா" என்றார் சிஸ்டர். "கையில கொண்டு வரணும். உனக்கு வேலைன்னா இந்தப் பிள்ள கொண்டுவரட்டும். வந்து இருந்து, ஒரு சாயா குடிச்சு, நாலு வார்த்த பேசிட்டுத்தான் போணும். அதும் சேத்துத்தான் வாடகை."

அந்தப் பெண் சிரித்துவிட்டு, "அப்போ இன்னைக்கே அட்வான்ஸா ஒரு சாயா போடுங்க சிஸ்டர்" என்றாள். சிஸ்டர் அடுக்களைக்குப் போன வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். வீடா, டெபாசிட்டா என்று கேட்டு வருகிறவரிடம் வட்டி விகிதத்தைச் சொல்லத்தான் வேண்டும். அதற்கு முன்னால் வீட்டில் கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். நம் படிவத்தில் நாமினி பெயருக்கு இடம் இருக்கிறது, அது செத்த பிறகு யார் என்ற கேள்வி. உயிரோடு இருக்கும்போது யார் என்பதை நாம்தான் வாயைத் திறந்து கேட்க வேண்டும்.