தொப்பியைக் கழற்றிப் பார்க்காத காலை

1. படிவத்தில் ஒரு கேள்வி

இளைஞர் நல அலுவலகத்திலிருந்து வீட்டைப் பார்வையிட வந்த அம்மாள் முதலில் ஜன்னல் தாழ்ப்பாள்களை ஆட்டிப் பார்த்தார். பிறகு அடுப்பு, குளியலறை, மருந்துப் பெட்டி. பெட்டி எட்டாத உயரத்தில் பூட்டியிருந்தது. நான் மியூனிக்கில் ஆறு வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள், அதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைசியில் சமையலறை மேஜையில் உட்கார்ந்து படிவத்தைப் பிரித்தார்.

"சொந்தக் குழந்தை?"

"இல்லை."

"சீக்கிரம் பெத்துக்கிற எண்ணம் இருக்கா? இந்த வீட்டு அளவுக்கு ரெண்டு பிள்ளைங்களுக்குத்தான் அனுமதி தர முடியும். உங்களுக்குன்னு ஒண்ணு பிறந்தா அதுவும் அந்த ரெண்டுல சேரும்."

"இப்போதைக்கு இல்லை," என்றேன்.

பொய். அந்த எண்ணத்தில்தான் மருத்துவமனை வேலையையே விட்டிருந்தேன். அதற்கு முந்தைய வருடம் வார்டில் நோயாளிகளைத் தூக்கிப் புரட்டிக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு இரண்டாம் மாதத்தில் கரு கலைந்தது. நாள் தள்ளிப்போன சந்தோஷத்தில் சொந்த ஊரான நாகர்கோவிலுக்கு உடனே கடிதம் போட்டிருந்தேன். அதனால் அரை வருடத்துக்கு ஆறுதல் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. இனி மூன்று மாதம் முடியாமல் யாரிடமும் மூச்சுவிடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. என் கணவர் தேவசகாயம் மியூனிக்கை அடுத்த கார்ஹிங்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். வேலைக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகளை அரசு அனுமதியோடு வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவளுக்கு ஜெர்மனில் 'டாகஸ்முட்டர்' என்று பெயர், பகல் நேரத்து அம்மா. வீட்டோடு இருக்கும் லேசான வேலை என்று நினைத்துச் சேர்ந்தேன். இதைப் படித்துச் சிரிக்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

2. மருந்துக்கடைக் காலண்டர்

எனக்கு இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். ஃபிராவ் லாங், அதாவது திருமதி லாங், ஓர் அலுவலகத்தில் செயலாளர், அவருடைய மகள் பேட்ரா. ஃபிராவ் ஹூபர் ரொட்டிக்கடையில் வேலை பார்த்தார், கணவர் இல்லை. அவருடைய மகன் ஸ்டெஃபானுக்கு அப்போது ஒரு வயதுகூட முடியவில்லை. ரொட்டிக்கடை சீக்கிரம் திறக்கும், ஆகவே காலை ஐந்தே முக்காலுக்கு என் வீட்டு மணி அடிக்கும்.

சமையலறையில் மருந்துக்கடைக்காரர் கொடுத்த காலண்டர் தொங்கியது. ஃபிராவ் லாங்கின் விடுமுறை சிவப்பில், ஃபிராவ் ஹூபரின் ஷிஃப்ட் நீலத்தில். கருத்தரிக்க ஏற்ற என் நாட்களை மட்டும் பென்சிலில் ஒரு சின்னப் புள்ளியாக வைப்பேன், யாருக்கும் தெரியாதபடி.

என் திட்டம் இதுதான். செப்டம்பரில் பேட்ரா கிண்டர்கார்டனுக்குப் போய்விடுவாள். அவளுடைய இடம் காலியாகும். அக்டோபரில் என் குழந்தை பிறந்தால் யாரையும் வெளியே அனுப்ப வேண்டாம், அனுமதியும் மீறாது. அக்டோபர் என்றால் ஜனவரியில் உண்டாக வேண்டும். நர்ஸ் இல்லையா, இந்தக் கணக்கெல்லாம் எனக்கு விரல் நுனியில்.

டிசம்பரில் ஃபிராவ் லாங் வாசலில் நின்றபடி சொன்னார்: "வர்ற செப்டம்பருக்கு கிண்டர்கார்டன்ல இடம் இல்லையாம், ஃபிராவ் தேவா. அதுக்கு அடுத்த வருஷம்தான்னு சொல்லிட்டாங்க. நீங்களும் கைவிட்டா நான் வேலையை விட வேண்டியதுதான்."

"பரவாயில்லை, இங்கேயே இருக்கட்டும்," என்றேன்.

இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"யாரோ பிள்ளைக்கு கிண்டர்கார்டன்ல சீட் கிடைக்கலன்னு நாம பிள்ளை பெத்துக்கிறதைத் தள்ளிப்போடணுமா ரோஸி?"

"வேற யார் கிட்ட விடுவாங்க? பக்கத்துல யாருமே இல்லீங்க."

"உனக்கு முப்பத்திரண்டு ஆகுது. அது காலண்டர்ல எந்தக் கலர்ல இருக்கு?"

ஒரு வருடம் தள்ளிப்போட்டோம். அந்த வருடம் முழுக்க இரண்டு பிள்ளைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தேன். குளிப்பாட்டினேன், பல் முளைக்கும்போது கூடவே அழுதேன். மாலையில் தாய்மார்கள் வந்து தூக்கிக்கொண்டு போனதும் சோஃபாவில் விழுவேன். எழுந்து சமைக்கத் தெம்பு இருக்காது. பிள்ளைகள் போன பிறகு வீட்டில் இருந்த நிசப்தம் எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த டிசம்பரில் பேட்ராவுக்கு இடம் உறுதியாகிக் கடிதம் வந்தது. ஜனவரியில் புள்ளி வைத்தோம். பிப்ரவரியில் நாள் தள்ளிப்போனது.

3. கதவு

என்னிடம் ஒரு சட்டம் இருந்தது. பிள்ளையை வாசலிலேயே வாங்குவேன், ஆனால் தாய் உடனே போகக் கூடாது. தொப்பியைக் கழற்றுவேன். நெற்றி, தொண்டை, காதுக்குப் பின்னால், பிடரி எல்லாம் பார்ப்பேன். காய்ச்சலோ தடிப்போ இருந்தால் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஒரு பிள்ளைக்கு வந்தால் இன்னொன்றுக்கும் வரும். "எதையும் மறைக்காதீங்க, என் கிட்ட உண்மையைச் சொல்லிடுங்க" என்று முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தேன். நானே ஒன்றை மறைத்துக்கொண்டு நின்றது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மார்ச் மாதம். மசக்கை என்னைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. அன்று மணி அடித்தபோது நான் குளியலறையில் குனிந்துகொண்டிருந்தேன். கணவர்தான் கதவைத் திறந்தார். ஃபிராவ் ஹூபர் பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டு, பஸ் வந்துவிடும் என்று ஓடிவிட்டாராம். ஸ்டெஃபான் கம்பளித் தொப்பியோடு தூங்கிக்கொண்டிருந்தான். அப்படியே படுக்க வைத்திருந்தார்.

எட்டு மணிக்கு எழுந்து சிணுங்கினான். தூக்கி மடியில் வைத்துத் தொப்பியைக் கழற்றினேன். காதுக்குப் பின்னாலிருந்து கன்னம் வரை பொடிப்பொடியாய் இளஞ்சிவப்புப் புள்ளிகள். பிடரியைத் தடவினேன். நெறி கட்டியிருந்தது. நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் ஜெர்மன் அம்மை என்று சொல்வோமே, அது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் தாய்க்கு வந்தால் குழந்தைக்குக் கண், காது, இருதயம் என்று எதையும் விட்டுவைக்காது. அப்படிப் பிறந்த ஒரு குழந்தையை வார்டில் என் கையாலேயே குளிப்பாட்டியிருக்கிறேன்.

அவன் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். கீழே இறக்க நினைத்தேன், இறங்க மாட்டேன் என்றான். பிடித்துக்கொண்டே ரொட்டிக்கடைக்கு ஃபோன் செய்தேன்.

ஃபிராவ் ஹூபர் கடை ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் வந்தார்.

"நேத்து சாயங்காலமே பார்த்தீங்க, இல்லையா?" என்று கேட்டேன்.

அவர் தரையைப் பார்த்தார். "புது ஸ்வெட்டர் ஒத்துக்கலையோன்னு நினைச்சேன். அப்படி நினைக்கத்தான் பிடிச்சுது. இந்த மாசம் ஏற்கனவே மூணு நாள் லீவு. இன்னொரு நாள் லீவு போட்டா வேலைக்கே வராதேன்னு சொல்லிட்டாங்க."

"நீங்களெல்லாம் என்ன தாய்?" என்று கத்தினேன். "நான் கர்ப்பமா இருக்கேன். ஒன்பதாவது வாரம். அது தெரியுமா உங்களுக்கு?"

அவர் முகம் வெளுத்தது. மெதுவாகச் சொன்னார்: "எப்படித் தெரியும்? நீங்க சொல்லவே இல்லையே."

பிள்ளையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் கதவைச் சாத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

4. இரண்டு சோதனை

மருத்துவர் வயதானவர், சுற்றி வளைத்துப் பேசாதவர்.

"திட்டம் போட்டுத்தான் கர்ப்பமானீங்களா?"

"ரெண்டு வருஷமா திட்டம் போட்டேன்."

"அப்போ முன்னாடியே ரத்தத்துல எதிர்ப்புச் சக்தி இருக்கான்னு பார்த்திருக்கலாமே? இல்லன்னா தடுப்பூசி போட்டு, கொஞ்ச மாசம் பொறுத்திருக்கலாம். நீங்க நர்ஸ் வேற."

ஃபிராவ் லாங்கின் விடுமுறை, கிண்டர்கார்டனின் சேர்க்கை, ரொட்டிக்கடையின் ஷிஃப்ட் எல்லாம் என் காலண்டரில் இருந்தன. என் ரத்தம் மட்டும் இல்லை.

"கதவுலயே பார்த்துத் திருப்பி அனுப்பியிருந்தா?" என்று கேட்டேன்.

"புள்ளி வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே அது பரவ ஆரம்பிச்சிடும். உங்க கதவு ஒண்ணும் செஞ்சிருக்காது."

முதல் சோதனையில் எதிர்ப்புச் சக்தி இருப்பதாக வந்தது. ஆனால் அது பழையதா, இப்போது தொற்றியதால் வந்ததா என்று தெரியாது. இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், எதிர்ப்புச் சக்தியின் அளவைக் காட்டும் எண் ஏறியிருந்தால் "நாம உட்கார்ந்து பேசணும்" என்றார். என்ன பேச்சு என்று எனக்குத் தெரியும். என் கணவருக்கும் தெரியும். நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் தினமும் மாலையில் வந்து பாத்திரம் கழுவினார்.

அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். கர்ப்பம் என்று எழுதவில்லை. சின்ன வயதில் எனக்கு என்னென்ன அம்மை வந்தது, ஞாபகப்படுத்திச் சொல்லுங்கள் என்று மட்டும் எழுதினேன்.

அந்த இரண்டு வாரத்தில் ஃபிராவ் லாங்கிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். பேட்ராவுக்கும் புள்ளிகள் வந்தன, அவர் லீவு போட்டு வீட்டில் வைத்துக்கொண்டார். ஃபிராவ் ஹூபர் என் முகத்தில் விழிக்க முடியாதவர் மாதிரி எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. நான் காலை ஐந்தே முக்காலுக்குப் பழக்கத்தில் விழித்துக்கொண்டு, அடிக்காத மணிக்காகக் காத்துப் படுத்திருந்தேன்.

இரண்டாவது சோதனையில் எண் ஏறவில்லை. பழைய எதிர்ப்புச் சக்திதான், குழந்தைக்கு ஆபத்தில்லை என்றார் மருத்துவர். நான் நன்றிகூடச் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

5. அம்மாவின் பதில்

இரண்டு நாள் கழித்து நாகர்கோவில் கடிதம் வந்தது. அம்மா பேசுவது போலவே எழுதுவார்.

"உனக்கு ஆறு வயசுல முகமெல்லாம் செவப்பா பொடிப் புள்ளி வந்துச்சு. பெரிய அம்மை இல்ல, மூணு நாள்ல போயிட்டு. முந்திரி ஆபீஸ்ல கொட்டை உடைக்கிற எனக்கு லீவு கிடையாது, உன்ன வீட்டுல வச்சிப் பாக்க ஆள் இல்ல. மூஞ்சிக்கு நல்லா பவுடர் போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பினேன். டீச்சர் கேட்டா வேர்க்குருன்னு சொல்லுன்னு சொல்லிக் குடுத்தேன். நீயும் சொன்ன. இதையெல்லாம் இப்ப எதுக்குக் கேக்குற?"

அந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்கு என்னிடமிருந்து ஒட்டியதோ. டீச்சருக்கு அப்போது வயிறு தள்ளியிருந்ததா என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ரொட்டிக்கடைக்குப் போனேன். கூட்டம் குறையும்வரை நின்றேன். பிறகு ஃபிராவ் ஹூபரிடம், குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று சொன்னேன். அவர் கல்லாவைப் பிடித்துக்கொண்டார். அம்மா எழுதியதையும் ஜெர்மனில் சொன்னேன். நான் கத்திய அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டேன்.

அவர், "உங்க அம்மாவுக்கு வேலை எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

"ஏழுக்கு."

"எனக்கு ஆறுக்கு," என்றார்.

பிறகு மூன்று பெண்களும் என் சமையலறையில் உட்கார்ந்து அதே காலண்டரில் எழுதினோம். ஃபிராவ் ஹூபர் தன் வருட விடுமுறையை அக்டோபருக்கு மாற்றிக்கொண்டார். பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத நாட்களில் ஃபிராவ் லாங்கின் அம்மா வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அலுவலக அம்மாளுக்கும் ஃபோன் செய்து, "எனக்குன்னு ஒண்ணு பிறக்கப்போகுது, அக்டோபர்ல" என்றேன். அவர் "சரி, குறிச்சுக்கிறேன்" என்றார், அவ்வளவுதான். ஒற்றை வரி, அதைச் சொல்ல எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

இந்த வேலையில் இருந்துகொண்டு பிள்ளை பெற நினைக்கும் பெண்கள் என்னிடம் கேட்டால் முதலில் ரத்தத்தைச் சோதிக்கச் சொல்வேன். அடுத்து, வாசலில் நின்று உண்மையைச் சொல்லு என்று அதட்டுவதில் பிரயோஜனமில்லை என்பேன். உண்மையைச் சொன்னால் அவள் அன்றைக்கு வேலைக்கு எப்படிப் போவாள் என்பதை இருவரும் சேர்ந்து முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும்.

மகள் அக்டோபரில் பிறந்தாள். காது நன்றாகக் கேட்கிறதா என்று பார்க்க, முதல் வாரத்தில் தொட்டிலுக்குப் பின்னால் நின்று கை தட்டினேன். ஒவ்வொரு தடவையும் அவள் திடுக்கிட்டு அழுதாள். பாவம் என்று தெரிந்தும் மறுநாளும் தட்டினேன்.