முதலில் பதில் சொன்ன ரூட்டர்

பத்து மணிக்கு ஒன்லைன் பரீட்சை. ஒன்பதே முக்காலுக்கு ஆறாம் இலக்கக் கணினியில் இன்டர்நெட் இல்லை.

கண்டியில் ஹனீபா நானா நடத்திய கணினி நிலையத்தில் நெட்வேர்க் வேலை முழுவதும் என் தலையில். பத்துக் கணினிகளிலும் தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பித்த பிள்ளைகள். ஆறாவதில் மடுல்கெல்லவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த சுகந்தி. பத்தேகால் தாண்டினால் பரீட்சைக்குள் நுழைய முடியாது.

"அக்கா, வருமா?"

"வரும், இருங்க" என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

கேபிளை மாற்றினேன். கணினியை அணைத்து மறுபடி போட்டேன். மணி பத்தும் தாண்டியது. நானா போனை எடுத்தார். "இன்டர்நெட் கொம்பனிக்காரனுக்கு இப்ப நல்லா குடுக்கிறன்."

அப்போதுதான் ஐபி முகவரியைப் பார்க்கத் தோன்றியது. எங்கள் சேர்வர் தரும் முகவரி 10 என்று தொடங்கும். இதில் 192.

கணினி எழும்பும்போது அதற்கு யாரையும் தெரியாது. எனக்கு முகவரி தருவது யார் என்று நெட்வேர்க் முழுக்கக் கேட்கும். முதலில் பதில் சொல்பவரை நம்பிவிடும். அதுதான் டிஎச்சிபி. மற்ற ஒன்பதுக்கும் சேர்வர் முந்தியிருந்தது. ஆறாவதுக்கு வேறொன்று முந்திவிட்டது.

அந்த வேறொன்றை வைத்ததே நான்தான். மலைப்பக்கத்தில் மின்னலுக்கு, ரூட்டரில் இன்டர்நெட் வந்து சேரும் WAN போர்ட் அடிக்கடி செத்துப்போகும். நாங்கள் அதை வீசமாட்டோம். டிஎச்சிபியை நிறுத்திவிட்டு, கணினிகளுக்கான LAN போர்ட்டில் எங்கள் கேபிளைச் செருகி வைஃபைக்குப் பாவிப்போம். முதல் நாள் மாலை நானாவின் அறையில் அப்படி ஒன்றை வைத்தேன். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் டிஎச்சிபியை நிறுத்தியதைச் சேவ் பண்ணவில்லை. காலையில் கரண்ட் போய் வந்ததும், அது பழையபடி முகவரி கொடுக்கத் தொடங்கியிருக்கிறது. அதை நம்பிய கணினிக்கு இன்டர்நெட்டுக்குப் போக வழி இல்லை.

ஓடிப்போய்க் கேபிளைப் பிடுங்கினேன். கணினியைப் புதிய முகவரி கேட்க வைத்தேன். பத்து பன்னிரண்டுக்குச் சுகந்தி உள்ளே போனாள்.

நானா இன்னும் போனும் கையுமாக நின்றார்.

"வேணாம் நானா. பிழை கொம்பனில இல்ல. நான் சேவ் பண்ணாமப் போயிட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். "எக்ஸாம் முடியட்டும் தங்கச்சி" என்று போனை வைத்தார். அந்த ஒன்றரை மணி நேரமும் என்னால் உட்கார முடியவில்லை.

முடிந்து வந்த சுகந்தி என்னிடம்தான் வந்தாள். "கடைசிப் பன்னெண்டு கேள்விக்கு நேரம் பத்தல அக்கா. கம்ப்யூட்டர் பழுதுன்னு எழுதிக் குடுத்தா பாப்பாங்களா?"

கம்ப்யூட்டரில் பழுதில்லை, பிழை என்னுடையது என்பதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானா பரீட்சை நடத்தியவர்களுக்குக் கடிதம் எழுதினார். பதில் வரவில்லை.

இன்றைக்கும் ரூட்டர் ஒன்றை வைத்தால், ஒரு முறை அணைத்துப் போட்டு, முகவரியைப் பார்த்த பிறகுதான் பையை எடுப்பேன். அதனால் பஸ் தவறிய நாட்கள் நிறைய. தவறட்டும்.