அவசரமில்லை என்று சொன்னவர்கள்

வீட்டிலேயே ஆக்சிஜன் மிஷின் வைத்து மூச்சுவிடும் நோயாளிகளுக்கு மிஷின் கொடுத்து, பழுதானால் ஓடிப்போய் மாற்றித் தருவது எங்கள் கம்பெனியின் வேலை. சர்வீஸ் சென்டர் தெற்கே தம்போயில் மட்டும்தான் இருந்தது. ஜொகூர் மாநிலத்தின் வடக்கே இன்னொன்று திறக்க இடம் பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தங்காக் டவுனா, சிகாமட் டவுனா?

கணக்கில் நான் புலி என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. பழைய போன் பதிவுகளை எடுத்து வாடிக்கையாளர்களை மூன்று வகையாகப் பிரித்தேன். உடனே வரச் சொன்னவர்கள் முதல் வகை. இன்றைக்குள் வந்தால் போதும் என்றவர்கள் இரண்டாவது. நேரம் கிடைக்கும்போது வரச் சொன்னவர்கள் மூன்றாவது. முதல் வகைக்கு அதிகப் புள்ளி. ஊர்வாரியாகக் கூட்டியதில் தங்காக் ஜெயித்தது. துணிக்கடைகளுக்கு நடுவே ஒரு கடைவீட்டைப் பேசி முடித்து, கையெழுத்து மட்டும் பாக்கி வைத்திருந்தேன்.

ஆபீசில் போன் எடுக்கும் பெண் அந்தப் பட்டியலை வாங்கிப் பார்த்தாள். என்னைவிட இருபது வயது சின்னவள். சிகாமட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். ஒரு வரியில் விரலை வைத்தாள்.

“அண்ணே, இந்தம்மாவ ஏன் மூணாவதுல போட்டீங்க? மிஷின் நின்னா இவங்க வீட்டுக்காரர் அரை மணி நேரம்கூட தாங்க மாட்டாரு.”

“அவங்கதான் அவசரம் இல்லன்னு சொன்னாங்களே. பதிவுலயே இருக்கு.”

“எங்க தோட்டத்து ஆளுங்க அப்படித்தான் சொல்வாங்க. வர்றவங்களுக்குத் தொந்தரவு குடுக்கக் கூடாதுன்னு. கத்துறவங்க வீட்டுல ஸ்பேர் சிலிண்டர் இருக்கு, ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போகக் காடி இருக்கு.”

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. வெட்கம் அப்புறம் வந்தது.

இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாருக்கும் அவளே போன் செய்தாள். அவசரமா என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. மிஷின் நின்றால் எவ்வளவு நேரம் சமாளிப்பீர்கள், ஸ்பேர் இருக்கிறதா, மழைக்காலத்தில் எந்த ரோடு தண்ணீரில் மூழ்கும், இவ்வளவுதான் கேள்வி. பட்டியல் தலைகீழாகப் புரண்டு, சிகாமட் மேலே வந்தது. சிகாமட்டில் வெள்ளம் ஏறாத மேட்டுப் பக்கமாக ஒரு கடையையும் அவளே கண்டுபிடித்தாள். எத்தனையோ மேனேஜர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு மூளையை நான் பார்த்ததில்லை.

தங்காக் கடைவீட்டைக் கைவிட்டதும் அந்த ஊர் வாடிக்கையாளர்கள் முதலாளி வரைக்கும் போய்த் திட்டினார்கள். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சிகாமட் கடை திறந்து மூன்றாவது வாரம், காலை பத்து மணி இருக்கும். நான் அங்கே பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். தம்போயிலிருந்து அவள் கூப்பிட்டாள்.

“அண்ணே, நீங்க மூணாவதுல போட்டீங்களே, அந்தம்மா போன் பண்ணாங்க. மிஷின் நின்னுபோச்சாம். மெதுவா வாங்கன்னு சொன்னாங்க. ஓடுங்க!”

சிலிண்டரை வேனில் ஏற்றிக்கொண்டு ஓடினேன். பத்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தபோது, கணவர் கட்டில் விளிம்பைப் பிடித்தபடி உதடு நீலம் பாரித்து உட்கார்ந்திருந்தார். சிலிண்டரைத் திறந்து குழாயை மூக்கில் மாட்டினேன். அவர் நெஞ்சு சீராக ஏறி இறங்கும்வரை எனக்கும் மூச்சு வரவில்லை.

அந்தம்மா வாசல்வரை வந்து என்னிடம் கைகூப்பினார்.

“வேல நேரத்துல கூப்பிட்டுட்டேன், மன்னிச்சுக்குங்க தம்பி.”