ஈரமாக வந்த வெல்டிங் கம்பி

இது நிஜமா என்று கேட்காதீர்கள். நிஜம்தான். பட்டப்பகலில், மூன்றரை மணிக்கு நடந்தது. பேய் என்றால் இருட்டில்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள் நான். அதற்கு அப்படியொரு நினைப்பு இல்லை போலிருக்கிறது.

நான் வெல்டிங் மிஷின் ரிப்பேர் பார்ப்பவன். தொழிலில் என்னைச் 'சோப்பு' என்பார்கள். எதைத் தொட்டாலும் கை கழுவுவேன். அடுத்தவர் எச்சில் பட்ட டம்ளர் என்றால் காத தூரம் ஓடுவேன். போயும் போயும் என் கையில்தானா அது வந்து மாட்ட வேண்டும்?

என் மனைவியின் தம்பி ஒரு பட்டறையில் புதிதாக வெல்டர் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அவனுக்குக் கொடுத்த மிஷினில் கோளாறு. வெல்டிங் கம்பியைச் சுருளிலிருந்து இழுத்து, குழாய் வழியாக, வெல்டர் கையில் பிடிக்கிற டார்ச்சுக்குத் தள்ளுகிற பெட்டி ஒன்று உண்டு. ஃபீடர் என்போம். டார்ச்சில் இருக்கும் சுவிட்சை அழுத்தினால்தான் கம்பி வர வேண்டும். இதில் யாரும் தொடாமலே வந்தது. மிஷினிலிருந்து ஃபீடருக்குப் போகிற சிக்னல் கேபிள் கெட்டுப்போனால் இப்படி ஆகும். அதை மாற்றத்தான் கூப்பிட்டான்.

"நாளைக்குக் காலையில நான்தான் மாமா இதுல நிக்கணும். கண்ணுல கிண்ணுல குத்திட்டா?"

அவனுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. அதற்கு இன்னும் தலைகூட நிற்கவில்லை. விடுமுறை நாளும் அதுவுமாக இப்படியா என்று முனகிக்கொண்டே போனேன்.

பட்டறையில் நாங்கள் இரண்டு பேர்தான். முதலாளி சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. மெயினில் இருக்கும் மூன்று ஃபியூஸையும் பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் மிஷினில் கை வைப்பேன். இந்த விஷயத்தில் கூடப் பிறந்தவனைக்கூட நம்பமாட்டேன். ஃபியூஸ் என்னிடம் இருக்கும்வரை மிஷின் வெறும் இரும்பு.

ஃபீடரின் பக்க மூடியைத் திறந்தேன்.

நாற்றம்... எலி செத்த நாற்றம் எனக்குத் தெரியும். இது அதுவல்ல. பல நாளாகப் பல் துலக்காத ஒரு வாய் என் முகத்துக்கு நேரே திறந்த மாதிரி இருந்தது. வெதுவெதுப்பாக வேறு வந்தது.

"என்னடா இது? உள்ள துப்பி வச்சிருக்கீங்களா?"

"சத்தியமா நான் இல்ல மாமா."

கம்பியைத் தள்ளுகிற உருளைகள் ஈரமாக இருந்தன. எண்ணெயாக இருக்கும் என்று தொட்டேன். விரலை எடுத்தால் நூல் நூலாக இழுத்தது... நுரை. எச்சில்! குழாயடிக்கு ஓடினேன். தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். நாற்றம் விரலை விட்டுப் போகவே இல்லை.

அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு போயிருப்பேன். மச்சினன் முகத்தைப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன்.

பழைய கேபிளின் பிளக்கைத் திருகிக் கழற்றினேன். உள்ளே பின்களுக்கு நடுவிலும் அதே ஈரம். லேசாகச் சிவந்திருந்தது. அதைப் பார்க்காத மாதிரி கேபிளைத் தரையில் போட்டேன். புதிய கேபிளின் கட்டைப் பிரித்தேன்.

டிக்... டிக்...

உருளை சுற்றுகிற சத்தம்.

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். மூன்று ஃபியூஸும் இருந்தன. பழைய கேபிள் தரையில் கிடந்தது. புதியது என் மடியில். கரண்டும் இல்லை, சிக்னல் போக வழியும் இல்லை.

கம்பி நகர்ந்தது.

"டேய், டார்ச்சத் தொட்டியா?"

நிமிர்ந்தேன்.

டார்ச்சின் முனையை அவன் வாய்க்குள் வைத்திருந்தான். தூசி அடைத்தால் சில வெல்டர்கள் இப்படி வாயால் ஊதுவார்கள். ஆனால், ஊதினால் கன்னம் உப்பும். அவனுக்குக் கன்னம் இரண்டும் ஒட்டிக் குழி விழுந்திருந்தது.

கண் மட்டும் என்னைப் பார்த்தது.

"வாயிலேர்ந்து எடுடா!"

எடுக்கவில்லை.

டிக். டிக். டிக்.

உருளையை அழுத்திப் பிடிக்கிற கைப்பிடியைத் தூக்கிவிட்டேன். இனிமேல் கம்பியைத் தள்ள எதுவும் இல்லை.

கம்பிச் சுருள் தானாகச் சுற்ற ஆரம்பித்தது.

குழாய்க்குள்ளிருந்து ஒரு சத்தம்... தொண்டையில் கோழை கட்டியவன் மூச்சு இழுப்பது போல...

க்க்க்ர்ர்ர்...

கட்டிங் பிளேயரை எடுத்தேன். வழுக்கியது. கம்பி முழுக்க எச்சில்.

மறுபடி பிடித்தேன்.

வெட்டினேன்.

சுருள் நின்றது.

அவன் டார்ச்சைக் கீழே போட்டுவிட்டு ஓங்கரித்தான். நானும்தான். அவன் நாக்கில் ஒரு பொட்டு ரத்தம். டார்ச்சுக்கு வெளியே கம்பி ஒரு விரல் நீளம் நீட்டிக்கொண்டு, சொட்டிக்கொண்டிருந்தது.

புதிய கேபிளை அங்கேயே போட்டுவிட்டுக் கிளம்பினோம். சாவியைக் கொடுக்கும்போது முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"பழைய மிஷின்தான் வாங்கினேன். முன்னாடி இது இருந்த பட்டறையில ஒருத்தன் டார்ச்ச வாயில வச்சிருக்கான். கம்பி தானா ஓடித் தொண்டையில ஏறிடுச்சு. ஆள் போயிட்டான்."

"இத முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?"

"கேபிள் கோளாறுன்னுதான் சொன்னாங்க. ஆனா ஒண்ணு... அவனுக்கு வாயால ஊதுற பழக்கமே கிடையாதாம். எப்பவும் காத்து பைப்தானாம்."

வீட்டுக்கு வந்தும் மச்சினன் குழாயடியை விட்டு நகரவில்லை. கொப்பளித்துக்கொண்டே இருந்தான். எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம்.

"அறிவு கெட்டவனே, உனக்கு எதுக்குடா இந்த ஊதுற பழக்கம்? புள்ளக்குட்டிக்காரன் செய்யற வேலையா?"

வாயில் இருந்த தண்ணீரைத் துப்பினான். உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"நான் ஊதல மாமா. டார்ச்சு எப்ப என் கைக்கு வந்துச்சுன்னே தெரியாது."

குழந்தை உள்ளே அழுதது. அவன் திரும்பவில்லை.

"டார்ச்சுக்கு உள்ளேர்ந்து யாரோ என் எச்சில உறிஞ்சினாங்க."